வெட்சி எது? புறத்திணைப் பூவை இனங்காணல்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழ் இலக்கியம் பயிற்றுவிப்போர் ஒவ்வோராண்டும் சொல்ல நேரும் சொற்களுள் வெட்சி ஒன்று. நிரை கவரப் புறப்படும் மறவர் சூடும் பூ அது; அப்பூவின் பெயரே திணையின் பெயருமாயிற்று. தொல்காப்பியர் புறத்திணைகளுள் அதனை முதலில் வைத்துக் குறிஞ்சிக்குப் புறனாகக் கொண்டார். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை நிரை மீட்டலைக் கரந்தை எனத் தனித்திணையாகப் பிரித்தது. இவையெல்லாம் வகுப்பறையில் விளக்கமாகப் பேசப்படுகின்றன. ஆயின், வெட்சி என்பது எந்தச் செடி, அதனைக் காட்டில் கண்டால் எவ்வாறு அறிவது என்று ஒரு மாணவர் வினவினால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: பள்ளி வேலியோரம் சிவப்புக் கொத்துகளாகப் பூத்து நிற்கும் 'இக்சோரா'ச் செடியைக் காட்டி அதுதான் வெட்சி என்பர்.

இவ்விடை முற்றிலும் தவறன்று, முற்றிலும் சரியுமன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வேலிகளிலும் சாலையோரங்களிலும் வளர்க்கப்படுவன பல இனங்களும் அவற்றின் கலப்பினங்களும் ஆகும். அவற்றுட் பெருந்தொகையானவை தமிழகத்துக் காட்டிலிருந்து வந்தவை அல்ல. பாடல்கள் காட்டும் வெட்சியை நூற்சான்று, தாவரச்சான்று ஆகிய இரண்டையும் இணைத்து இனங்காண்பதும், அப்பெயர் நூலேடுகளிலும் நிலங்களிலும் பயணம் செய்த வரலாற்றைக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடல்கள் தரும் அடையாளங்கள்

சங்கப் புலவர்கள் தாவரங்களுக்குத் தரும் அடைமொழிகள் அணிக்காக மட்டும் அமைந்தவை அல்ல என்பதைப் பி.எல். சாமி முதலிய அறிஞர்கள் முன்னரே நிறுவியுள்ளனர். வெட்சிக்கு வரும் அடைகள் சிலவே. எனினும் அவை வியப்பூட்டும் துல்லியம் உடையவை.

குறிஞ்சிப்பாட்டின் நீண்ட பூப்பட்டியலில் குறிஞ்சிக்கு அடுத்து வெட்சி நிற்கிறது. இது நிலத்தைக் காட்டுகிறதேயன்றிச் செடியைக் காட்டவில்லை. திருமுருகாற்றுப்படையோ, சூரரமகளிர் தம்மை ஒப்பனை செய்துகொள்ளும் இடத்தில், வெட்சியைச் சிவந்த கால் உடையதென்றும் சிறிய இதழ் உடையதென்றும் கூறுகிறது. கால் என்பதைச் செடியின் தண்டாகவும் கொள்ளலாம். பூவின் காம்பாகவும் கொள்ளலாம். கூந்தலில் செருகும் பூவைப் பேசுமிடத்தில் தண்டின் நிறத்தைச் சொல்லவேண்டிய தேவை இல்லை. ஆகவே பூவின் கால் என்பதே பொருந்தும். இங்கு இன்னும் ஒருபடி மேலே செல்லலாம் என்பது என் கருத்து. இக்சோராப் பேரினத்துப் பூவில் உண்மையான காம்பு மிகக் குறுகியது. கண்ணுக்குக் காம்பு போலத் தோன்றுவது நீண்டு மெலிந்த அல்லிக்குழல். அதன் உச்சியில் நான்கு சிற்றிதழ்கள் சிலுவைபோல் விரிந்திருக்கும். நீண்ட சிவந்த கால், அதன் தலையில் சிறிய இதழ் என்னும் விவரிப்பு இவ்வமைப்புக்கு அப்படியே பொருந்துகிறது. குழல் நீண்டு இதழ் சிறுத்த பூ என்று தாவரவியலார் பல சொற்களில் சொல்வதைப் புலவர் இரண்டு அடைகளில் சொல்லி முடித்துவிட்டார்.

அகநானூற்றுப் பாடல் ஒன்று தரும் உவமை இதனினும் சிறந்தது. முதிர்ந்த வெட்சி மொட்டு, இதல் என்னும் பறவையின் காலிலுள்ள முள்ளுக்கு ஒப்பிடப்படுகிறது. அவை குருந்தம் பூவுடன் பாறைமேல் பரந்து கிடக்கின்றனவாம். இதல் என்பதற்குச் சிவல் என்றும் காடை என்றும் அகராதிகள் பொருள் தருகின்றன. காடையின் காலில் முள் இல்லை. கவுதாரியின் சேவலுக்கோ காலின் பின்புறம் கூரிய முள் உண்டு. காடைக்குப் பூழ் என்னும் வேறு பெயரும் சங்கப் பாடல்களில் வழங்குகிறது. எனவே இவ்விடத்தில் இதல் என்பது கவுதாரி இனத்துப் பறவையே ஆதல் வேண்டும். பூவைத் தேடப் புகுந்த நமக்குப் பறவையும் தெளிவாகிறது. இத்தகைய ஆய்வில் இவ்வாறு நேர்வதுண்டு.

இந்த உவமையின் ஆற்றல் மொட்டின் நுனியில் இருக்கிறது. இதழின் நுனி கூரியதாக இருப்பின், இதழ்கள் முறுக்கி மூடிய மொட்டின் நுனியும் கூரியதாக இருக்கும். இதழ் வட்டமாக முடிந்தால் மொட்டின் தலை மழுங்கி இருக்கும். முள்ளைப்போன்ற மொட்டு என்று சொல்லப்படுவதனால், பாடலின் வெட்சி கூரிய இதழ்களை உடையது என்று கொள்ளலாம். பின்னர்க் காணப்போகும் இனங்களுள் எது வெட்சி என்று முடிவு செய்வதற்கு இந்த ஒரு குறிப்பு பெரிதும் உதவுகிறது. குருந்தின் உடனிருப்பும் கவனிக்கத்தக்கது. முள்ளுடைய காட்டு எலுமிச்சை வகையாகிய குருந்து, வறண்ட பசுமைமாறாப் புதர்க்காடுகளில் வளர்வது. அப்பூவும் வெட்சியும் ஒரே பாறையில் உதிர்ந்து கிடக்கும் காட்சி, புலவர் நேரிற் கண்ட இடத்தையே காட்டுகிறது எனலாம்.

தடையாக நிற்கும் ஒரு சான்று

இதுவரை கண்டவை அனைத்தும் ஒருமுகமாகச் சிவப்பு வெட்சியையே சுட்டுகின்றன. தாவரவியலில் அதன் பெயர் இக்சோரா காக்சினியா. ஆனால் ஒரு சான்று இதற்கு எதிராக நிற்கிறது. பாடநூல்கள் அதனைப் பேசுவதில்லை.

குறுந்தொகைப் பாடல் ஒன்றில், காட்டு வழியோரம் வளைந்த கிளைகளோடு தழைத்த வெட்சியின் மலர் தலைவியின் கூந்தலில் மணப்பதாகத் தலைவன் நினைந்து பேசுகிறான். வளைந்த கிளை என்னும் குறிப்பு சிவப்பு வெட்சிக்கு ஒத்து வருகிறது. மேய்ச்சலுக்கும் வெட்டுக்கும் உட்பட்டுக் காட்டில் அது கோணிக் கிளைத்தே வளரும். ஆனால் மணம்? சிவப்பு வெட்சியைக் கையில் எடுத்து முகர்ந்தோர் அறிவர், அதில் மணம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. அதன் உறவினங்களுள் மணமுள்ளவை வெண்ணிறப் பூக்களே.

பாடலில் வரும் 'கமழும்' என்னும் சொல்லுக்கு வேறு பொருள் கொண்டு இடரைக் கடக்கலாம் என்று தோன்றும். ஆனால் கூந்தலைப் பற்றி வரும்போது மணத்தல் என்பதே இயல்பான பொருள். பிற பாடல்களின் வழக்கும் அதுவே. பொருளை வளைத்து இடரை மறைப்பதைவிட, இடரை ஏற்றுக்கொண்டு காரணம் தேடுவதே முறை. இதற்கான விடை சங்க நூல்களில் இல்லை. பதினேழாம் நூற்றாண்டுக் கொச்சியில் இருக்கிறது.

ரீடேயின் நூலில் வெட்சி

ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார்த் தலைவராக 1670 முதல் 1677 வரை கொச்சியில் இருந்தவர் ஹெண்ட்ரிக் வான் ரீடே. அவர் முயற்சியால் உருவான 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை வெளிவந்தது. இந்நூலின் அறிவு ஐரோப்பியருடையது மட்டுமன்று. ஈழவ மரபைச் சேர்ந்த மருத்துவர் இட்டி அச்சுதன் தம் குடும்பத்து ஏடுகளிலிருந்து பெயர்களையும் பயன்களையும் எடுத்துரைத்தார். ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் துணைநின்றனர். அவர்களின் சான்றுரைகள் முதல் தொகுதியிலேயே அச்சாகியுள்ளன. கே.எஸ். மணிலால் இலத்தீனிலிருந்து செய்த ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்ட பின்னர் இந்நூல் நம்மனோர்க்கு எளிதில் எட்டுவதாயிற்று.

1679இல் வந்த இரண்டாம் தொகுதியில் 'ஷெத்தி' என்னும் பெயரில் சிவப்பு வெட்சியின் படமும் விவரமும் உள்ளன. மலையாளத்தில் செத்தி என்றும் தெச்சி என்றும் இன்றும் வழங்கும் பெயரே அது. அதனை அடுத்தே 'பெம்-ஷெத்தி' என்று மற்றொன்று வருகிறது. இதிலுள்ள முன்னொட்டு நமக்குப் பழகிய 'வெண்' என்பதே. ஒல்லாந்தர் காதில் வகரம் பகரமாக ஒலித்திருக்கிறது. ஆக, அந்நிலத்து மக்களும் மருத்துவரும் செத்தி என்பதை ஒரு வகுப்புப் பெயராகவே கொண்டிருந்தனர். அடையின்றிச் சொன்னால் சிவப்பு. வெள்ளையாயின் அடைகொடுத்துச் சொல்வர். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட தம் நூலில் முன்னதை இக்சோரா காக்சினியா என்றும் பின்னதை இக்சோரா ஆல்பா என்றும் வைத்தார்.

வெட்சி என்னும் தமிழ்ப்பெயரும் இத்தகைய வகுப்புப் பெயராகவே இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு. செச்சை என்பது நிகண்டு வழக்கில் வெட்சிக்கு மறுபெயர்; அருணகிரிநாதர் முருகன் மாலையைப் பாடும்போது இப்பெயரைப் பலமுறை ஆள்கிறார். செச்சை, தெச்சி, செத்தி ஆகியவை ஒலியால் நெருங்கி நிற்பவை. பெயர் ஒரே வேரினதாயின், பெயரைக் கையாண்ட முறையும் ஒன்றாக இருத்தல் வியப்பன்று. ஆகவே கூந்தலில் மணக்கும் வெட்சி, அவ்வகுப்பைச் சேர்ந்த வெண்பூவாக இருக்கலாம். சிவந்த காலும் முள்ளனைய மொட்டும் உடைய வெட்சியோ சிவப்பு வெட்சியே. ஒரு பெயருக்கு ஒரே தாவரம் என்பது லின்னேயஸ் வகுத்த ஒழுங்கு. அதனை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட புலவர் மேல் சுமத்துவதால் வரும் இடரையே நாம் இதுவரை பாடலின் இடராக எண்ணிவந்தோம்.

பேரினப் பெயராகிய இக்சோரா, ஈசுவரன் என்னும் சொல்லின் போர்த்துக்கீசிய ஒலிப்பு வடிவம் என்பது பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. மலபார்க் கோயில்களில் இப்பூ வழிபாட்டுக்கு உரியதாக இருந்தமையால் அப்பெயர் அமைந்தது என்பர். முருகனுக்குரிய பூ உலக அரங்கில் தந்தையின் பெயரால் அறியப்படுகிறது! லின்னேயஸ் அமைத்த மற்றொரு பேரினமாகிய பாவெட்டாவும் ரீடேயின் நூல்வழி வந்ததே. அது நம் பாவட்டை.

காட்டில் காணும் முறை

இனி, நூலை விட்டுக் காட்டுக்குச் செல்வோம். சிவப்பு வெட்சி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய தாவரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்ந்த சரிவுகளிலும் கேரளத்துச் செம்பாறைக் குன்றுகளிலும் கீழைக் கடற்கரையை அடுத்த கோயிற்காடுகளிலும் இது தானே வளர்கிறது. ஆள் உயரத்தை ஒட்டியும் சற்று மிகுந்தும் வளரும் புதர்ச்செடி.

பூ இல்லாத காலத்திலும் இதனை அறியலாம். இது காப்பிச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது; அக்குடும்பத்திற்குரிய அடையாளம் இரண்டு. இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். எதிரெதிர் இலைக்காம்புகளுக்கு இடையே தண்டின்மேல் முக்கோண வடிவில் சிறு இலையடிச் செதில் ஒன்று காணப்படும். வெட்சியில் இச்செதிலின் நுனி ஊசிபோல் நீண்டிருக்கும். அடுத்து இலையின் அடிப்பகுதியைப் பார்த்தல் வேண்டும். சிவப்பு வெட்சியின் தடித்த இலைக்குக் காம்பு ஏறத்தாழ இல்லை. இலையின் அடி வட்டமாகவோ இதயம்போல் உட்குழிந்தோ தண்டைத் தழுவி நிற்கும். பூத்த காலத்தில் மூன்று, நான்கு செண்டிமீட்டர் நீண்ட சிவந்த குழலும் கூரிய நான்கு இதழ்களும் ஐயத்திற்கு இடமின்றிக் காட்டிவிடும். காய் பட்டாணியளவு, பச்சையிலிருந்து சிவந்து பின் கருக்கும். கேரளச் சிறுவர்கள் அதனைப் பறித்துத் தின்பது வழக்கம்.

மயக்கம் தருவன இரண்டு. ஒன்று சுளுந்து, இக்சோரா பாவெட்டா என்பது அதன் பெயர். இது சிறுமரமாக வளரும், பூ வெண்மையும் மணமும் உடையது, குழல் குறுகியது, இதழின் நுனி மழுங்கியது. இதன் சுள்ளிகள் பச்சையாகவே எரியுமாதலால் பந்தமாகப் பயன்பட்டன. பந்தத்திற்கே சுளுந்து என்று பெயர் வந்தது. மற்றொன்று பாவட்டை. இதுவும் வெண்பூங்கொத்து உடையது. ஆனால் பூவினுள்ளிருந்து சூல்தண்டு நூலிழைபோல் வெகுதூரம் வெளியே நீண்டிருக்கும். வெட்சியிலோ அது குழலின் வாயைச் சற்றே தாண்டும். பாவட்டையின் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் கரும்புள்ளிகள் சிதறிக் கிடப்பது தெரியும். அவை இலைக்குள் வாழும் நுண்ணுயிர்களின் குடியிருப்பு. மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு இதனினும் எளிய சோதனை கிடையாது.

வெட்சியைப் போருக்குரிய பூவாகத் தேர்ந்த காரணம் குறித்தும் இங்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. குறிஞ்சி நிலத்துப் பூ என்பதும் குருதியின் நிறம் என்பதும் வழக்கமான விளக்கங்கள். அவை பொருந்துவனவே. ஆனால் செடியை நேரில் கண்டால் வேறொரு காரணமும் புலனாகிறது. வெட்சியின் பூக்கள் கிளையின் நுனியில் தாமே கொத்தாக அமைந்தவை, கிள்ளித் தலையில் செருகினால் அதுவே கண்ணி, தொடுக்க வேண்டியதில்லை. இரவில் புறப்பட்டு விடியுமுன் நிரையைக் கவர்ந்து மீள வேண்டியவனுக்குப் பூத்தொடுக்கும் நேரம் ஏது? கரந்தை எது என்பது இதனினும் சிக்கலான வினா. அதற்குத் தனிக்கட்டுரை வேண்டும்.

மலாய் நிலத்தில்

வெட்சி என்னும் பெயரோடு இங்கு வந்து சேர்ந்த தமிழர்க்கு, அதே பேரினத்துச் செடிகள் இந்நாட்டுக் காடுகளில் முன்பே நின்றன. இக்சோராப் பேரினத்தில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. மலாய்த் தீபகற்பத்துக்கு இயற்கையாக உரியவை பல. அவற்றைத் தொகுத்து எழுதியவர் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநராக 1888 முதல் 1912 வரை பணியாற்றிய ரிட்லி. அவருடைய மலாய்த் தீபகற்பத் தாவர நூல் ஐந்து தொகுதிகளாக 1922 முதல் 1925 வரை வெளிவந்தது.

இங்குள்ள காட்டினங்களுள் இக்சோரா கஞ்செஸ்டா குறிப்பிடத்தக்கது. இப்பெயரைத் தந்தவர் ராக்ஸ்பரோ. சோழமண்டலக் கரையில் நெடுங்காலம் பணியாற்றி அங்குள்ள செடிகொடிகளை நேரில் கண்டறிந்தவர் அவர்; 1793இல் கல்கத்தாத் தாவரப் பூங்காவிற்குச் சென்றார். 1815இல் அவர் மறைந்தபின் அச்சான நூலில் இந்த இனம் இடம்பெற்றது. தமிழ்நிலத்து வெட்சியை அறிந்த கண்ணே மலாய் நிலத்து வெட்சிக்கும் பெயரிட்டது என்பது மகிழத்தக்க ஒற்றுமை. இச்செடி காட்டின் நிழலில் வளர்வது. இலை பெரியது, முழங்கை நீளத்தை நெருங்குவதும் உண்டு. அதற்குக் காம்பும் உண்டு. பூ செம்மஞ்சளாக விரிந்து பின் சிவக்கும். பாறை வெயிலில் காம்பற்ற சிற்றிலையோடு நிற்கும் வெட்சியிலிருந்து இதனைப் பிரித்தறிவதில் எவ்வித இடரும் இல்லை.

வேலியில் நிற்பவையே கடினமானவை. அவற்றுட் பரவலான ஒன்று தென்சீனத்தைச் சார்ந்த இக்சோரா சைனென்சிஸ். மற்றொன்று சாவகத்தின் பெயர் தாங்கிய இக்சோரா ஜவானிக்கா. இவற்றின் கலப்பில் தோன்றியவையும், கத்தரித்து வளர்ப்பதற்கென உருவாக்கப்பட்ட குட்டை வகைகளும் எண்ணிறந்தன. சைனென்சிஸின் இதழ் நுனி வட்டமானது. மொட்டின் தலையும் அதற்கேற்ப மழுங்கியது. கவுதாரியின் முள்ளை அதில் யாரும் காண இயலாது. கலப்பினங்கள் காய்ப்பதும் அரிது. அகநானூற்று உவமையை விளக்கும் ஆசிரியர் இத்தகைய வேலிச்செடியின் மொட்டைக் கிள்ளிக் காட்டினால், மாணவர் புலவரை நம்பமாட்டார். அல்லது தம் கண்ணை நம்பமாட்டார்.

அதற்காக இவற்றை வெட்சி என்று அழைப்பதே பிழை என்று சொல்வதற்கில்லை. செத்தி, வெண்செத்தி என்று ஒரே பெயரின்கீழ் இருவேறு இனங்களை மலபார் மருத்துவர் வைத்ததுபோல, வேலியில் நிற்பதும் காட்டில் நிற்பதும் வெட்சி வகையே என்று கொள்வது மரபுக்கு மாறானதன்று. தமிழகப் பேச்சு வழக்கில் இட்டிலிப்பூ என்பதும் எல்லா இனங்களுக்கும் பொதுவாகவே வழங்குகிறது. இந்தோனேசியாவில் இதன் பெயர் இன்னும் விந்தையானது: சோக்கா, அசோக்கா என்பர். அசோகம் என்னும் வடசொல் தன் மரத்தை விட்டு நீங்கி, செம்மஞ்சள் கொத்துப்பூ என்னும் ஒப்புமை ஒன்றையே பற்றிக்கொண்டு கடல் கடந்து வேறு செடியில் அமர்ந்துவிட்டது. வகுப்புப் பெயரைப் பொதுமையில் ஆள்வது வேறு. பாடலில் வரும் செடி இதுவே என்று சுட்டுவது வேறு. முன்னதற்கு வேலிச்செடி போதும். பின்னதற்குக் காம்பற்ற இலையும் கூரிய மொட்டும் உடைய இக்சோரா காக்சினியாவையே தேடிக் காட்டவேண்டும். அது இங்கும் தோட்டங்களில் வளர்க்கப்படுவதால், நான்கைந்து வேலிகளை நின்று பார்க்கும் பொறுமை உள்ளவர்க்குக் கிடைக்காமற் போகாது.

மலாய் மொழியில் தோட்டத்துச் செடியைச் சியாந்தான் என்றும், பொதுவாக இவ்வகைச் செடிகளை ஜெஜாரும் என்றும் அழைப்பர். ஜாரும் என்றால் ஊசி. விரியாத மொட்டின் மெலிந்த நீட்சியைக் கண்டு வைத்த பெயர் அது. அகநானூற்றுப் புலவர் பறவையின் முள்ளைக் கண்ட அதே இடத்தில் மலாய் மக்கள் தையல் ஊசியைக் கண்டிருக்கின்றனர்.